ஆறாம் நம்பரில் பேசியது

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தார். எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், ரோட்டில் இறங்கி உள்ளே தள்ளி நடக்க வேண்டிய ஊர். சோளமும் கடலைக்காயும் விளைகிற மேட்டுக்காடு. கடலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. "உங்க ஊட்டுக்காரரு இப்ப எங்கீங்க இருக்கறாரு?" என்று யாராவது கேட்டால், "தண்ணி மேலீங்க" என்பேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. இன்றைக்கும் அப்படித்தான்.

அவர் லீவில் வந்தால் கை சும்மா இருக்காது. என்னோடு உட்கார்ந்து கடலைக்காய் உரிப்பார். உரித்துக்கொண்டே தன் வேலையைப் பற்றிச் சொல்வார். கப்பலில் இருந்து கரைக்குப் பேச ஆகாயத்தில் தடங்கள் உண்டாம். நாலு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு, இருபத்திரண்டு என்று அவற்றுக்கு நம்பர். எந்த நேரத்தில் எந்தத் தடத்தைப் பிடிப்பது என்பதுதான் அவர் வேலையில் பாதி.

"மேல ஒரு கூரை இருக்குதுன்னு வெச்சுக்க புள்ள. நம்ம குரல் போயி அதுல முட்டித் திரும்பிக் கீழ உழுகோணும். பகல்ல வெயில் பட்டுக் கூரை கெட்டியா இருக்கும். பெரிய நம்பர்ல பேசலாம், தூரமாப் போவும். பொழுது உழுந்துட்டா கூரை எளகிரும். பெரிய நம்பரு பொத்துக்கிட்டு மேல போயிரும். அப்பச் சின்ன நம்பருக்கு எறங்கோணும்."

"அப்ப எந்நேரமும் சின்ன நம்பர்லயே பேசிக்கிட்டா என்னங்க?"

"பகல்ல அது தூரம் தாங்காது. ராத்திரியில தாங்கும். ஆனா எந்த ஊர்ல இடி இடிச்சாலும் அத்தனையும் அதுக்குள்ள வந்து உழுகும். மழைக்காலத்துல அதுல பேசறது, சட்டியில கடலை வறுத்துக்கிட்டே பேசற மாதிரி."

அவர்கள் பேசும் முறைக்கு எஸ்.எஸ்.பி. என்று பெயர் சொன்னார். குரலில் வேண்டாத பாதியை வெட்டி எறிந்துவிட்டு மறுபாதியை மட்டும் அனுப்புவதாம். நம் வீட்டு டிரான்சிஸ்டரில் அது வாத்து கத்துவது போலத்தான் கேட்கும். அதற்கென்று இருக்கும் பெட்டியில் ஒரு திருகு சரியாகத் திருகினால் வாத்து மனுசனாகிவிடும். இதைச் சொல்லும்போது அவரே வாத்து மாதிரி கத்திக் காட்டுவார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அதெல்லாம் எனக்கு ஒரு நாள் உயிர் போகிற சங்கதியாகும் என்று நினைக்கவில்லை.

எங்கள் மகளுக்குப் பதினேழு நடந்தது. பள்ளிக்கூடம் முடித்து, சேலத்தில் நர்சிங் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஐப்பசியில் என் வீட்டுக்காரரின் அண்ணன் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார். தம்பி கடலில் இருக்கும் வரை எங்கள் வீட்டுக்கும் காட்டுக்கும் அவர்தான் எல்லாம். கெட்டவர் இல்லை. எங்களுக்கு ஒரு குறையும் வைத்தவர் இல்லை. பார்த்த இடமும் நல்ல இடம்தான். தம்மம்பட்டிப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். சொந்தமாக போர் போடும் ரிக் வண்டி வைத்திருந்தார்கள். பையன் வண்டியோடு வடக்கே போய்விடுவான். வருஷத்தில் மழைக்காலத்துக்கு மட்டும் ஊருக்கு வருவான்.

மாப்பிள்ளையின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் வருவான் என்ற ஒரு சொல்லே, வேண்டாம் என்று நினைக்க எனக்குப் போதுமாக இருந்தது. அது என்ன வாழ்க்கை என்று எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆனால் அதைச் சொல்ல வாய் ஏது? மூத்தவர் இருக்கும் இடத்தில் நான் நின்றதே இல்லை. அவர் வாசலுக்கு வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். எங்கள் பக்கம் அப்படித்தான். எது சொல்வதானாலும் அவர் சம்சாரம், என் ஓரகத்தி வழியாகத்தான். அந்த அக்காவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"வடக்கயே இருக்கறானாமுங்களே அக்கா."

"உன்ற ஊட்டுக்காரன் கடல்ல இருக்கறான். இவன் தரையிலதான இருக்கறான்? ரயிலேறுனா வந்து சேந்துருவான். அதுக்கு இது எவ்வளவோ தேவல" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை காலையில் உப்புச் சர்க்கரை மாற்றுவது என்று முடிவானது. எங்களில் நிச்சயம் என்றால் அதுதான். இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் வாங்கிக் கை மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் பின்வாங்கினால் பெண்ணுக்குத்தான் பேர் கெடும். வேறு ஒருத்தரும் பெண் கேட்டு நம் வாசல் ஏறமாட்டார்.

"அவங்க காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு மாத்திக்கலாமுங்களே அக்கா" என்றேன். அந்த ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. என் வீட்டுக்காரர் ஒருத்தர் வேண்டாம் என்று சொன்னால் நின்றுவிடும்.

மூத்தவர் உடனே ஒப்புக்கொண்டார். "தகப்பன் காதுல போடாம உப்பு மாத்துனா நல்லா இருக்காது. ராசிபுரம் போயி டிரங்க் கால் போட்டுக் கப்பல்லயே பேசிரலாம். அம்மிணியும் வரட்டும், ரெண்டு வார்த்தை பேசிக்கட்டும்" என்று அக்காவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அம்மிணி என்றது என்னைத்தான்.

வியாழக்கிழமை காலையிலேயே கிளம்பினால் நன்றாக இருக்கும் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தபடி அவர் கப்பல் மலேயாப் பக்கம் வந்துகொண்டிருந்தது. நமக்குக் கிழக்கே. நமக்கு வெயில் இருக்கும்போதே அங்கே இருட்டிவிடும். பெரிய நம்பர் மூடிவிடும். ஆனால் மூத்தவர் காலையில் சந்தைக்குப் போய் உப்பும் சர்க்கரையும் வாங்கிவைத்துவிட்டுத்தான் வந்தார். பஸ் ஏறி ராசிபுரம் போய்ச் சேரும்போது ராகு காலம் பிறந்திருந்தது.

"கல்யாணப் பேச்சு. ராகு காலத்துல வாய் தொறக்கக் கூடாது" என்று சொல்லி எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் புளியமரத்து நிழலில் நின்றேன். நிழல் நகர நகர நானும் நகர்ந்தேன்.

மூன்று மணிக்கு மேல் டெலிபோன் ஆபீசுக்குள் போனோம். கப்பலுக்கு கால் என்றதும் அங்கே இருந்த கிளார்க் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உடனே கெடைக்காதுங்க. மெட்ராஸ்ல கடல் ரேடியோ நிலையம் இருக்குது. அங்க சொன்னா, எந்தெந்தக் கப்பலுக்குப் பேச்சு இருக்குதுன்னு அவங்க வரிசையா வாசிப்பாங்க. கப்பல்காரர் அதைக் கேட்டுக் கூப்பிடோணும். அப்புறம் ரெண்டு பேரும் பேசி ஒரு நம்பரைப் பிடிப்பாங்க. அதுக்கப்புறம்தான் நம்மளுக்கு லைன் குடுப்பாங்க."

அங்கே ஒரு நெய் வியாபாரியும் பம்பாய் காலுக்குக் காத்திருந்தார். வாய் சும்மா இருக்காத மனுசன்.

"ஏனுங்க, கப்பலுக்கு வயரு எப்படீங்க கட்டுவாங்க? அது ஓட ஓட அவுத்து உடுவாங்களா?"

"வயரு இல்லீங்க, காத்துலயே வரும்" என்றார் கிளார்க்.

"காத்துலயா? நம்ம பம்பாய் காலு வயர்லயே வரமாட்டேங்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவரும் சிரித்தார். எனக்கு ஜன்னலில் இருந்த வெயில்தான் கண்ணில் இருந்தது. சுவரில் ஏறி ஏறி மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

கடைசியில் மணி அடித்தது. "கப்பல் கெடைச்சிருச்சுங்க! பன்னெண்டாம் நம்பர்ல குடுக்கறாங்க. ஒருத்தர் பேசி முடிச்சு 'ஓவர்'னு சொன்னாத்தான் அடுத்தவரு பேசோணும். சீக்கிரம் பேசுங்க, அங்க பொழுது எறங்குதாம்" என்றார் கிளார்க்.

மூத்தவர் துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு கூண்டுக்குள் போனார். புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்தே வைத்தார். நான் தூண் ஓரமாக நின்றேன்.

"தம்பீ! நல்லா இருக்கறயா? ஓவருங்க."

"ஓவர் மட்டும் போதுமுங்க, அதுக்கு ங்க வேண்டாம்" என்றார் கிளார்க்.

"சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா? இங்க நல்ல மழை. கெணத்துல தண்ணி மேல வந்துருச்சு. ஓவருங்க."

அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மூத்தவர் சிரித்தார். அப்புறம் மோட்டார் காயில் எரிந்துபோய் மாற்றியதைச் சொன்னார். கறுப்பு எருமை கன்று போட்டதைச் சொன்னார். தெற்குக் காட்டில் கடலை பிடுங்க ஆள் கிடைக்காததைச் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை. எங்களில் யாரும் விஷயத்தை எடுத்த எடுப்பில் போட்டு உடைக்க மாட்டார்கள். ஒரு கல்யாணப் பேச்சை, மழை பெய்ததா என்று கேட்காமல் ஆரம்பித்தால் அது மரியாதை இல்லை. வாசலில் உட்கார்ந்து பேசினால் அது சரி. ஆகாயத்தில் கூரை இளகிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்புறந் தம்பி, ஒரு நல்ல சேதி" என்று ஆரம்பித்தார். "நம்ம பொண்ணுக்கு... அலோ? அலோ? தம்பீ?"

குரல் தேய்ந்து போய்விட்டது. காதில் வைத்துக்கொண்டிருந்த கருவியைக் கையால் மூடியபடி கிளார்க் சொன்னார்: "பன்னெண்டு மூடிருச்சாம். எட்டுல வேற கப்பல் பேசிக்கிட்டிருக்குது, எப்ப முடியும்னு தெரியாதாம். ஆறு காலியா இருக்குது, ஆனா கடல் முழுக்க இடியாம், ஒரே எரைச்சலா இருக்குமாம். என்னங்க பண்ணட்டும்?"

மூத்தவர் கூண்டை விட்டு வெளியே வந்தார். "எரைச்சல்ல என்னத்தப் பேசறது? உடுங்க. நல்ல காரியந்தான, நாளைக்கு உப்பு மாத்திட்டு அப்புறம் சொல்லிக்கலாம். அவன் என்ன வேண்டாம்னா சொல்லப் போறான்?"

"ஆறுலயே குடுக்கச் சொல்லுங்க."

அது என் குரல். மூத்தவர் இருக்கும் இடத்தில் அதுவரை நான் பேசியதில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கிளார்க் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கருவியில் "ஆறு குடுங்க" என்றார்.

முதலில் மூத்தவர்தான் பேசினார். கத்தினார். நெற்றி நரம்பு புடைத்தது. அந்தப் பக்கம் யார் காதிலும் எடுக்கவில்லை. கிளார்க் மெட்ராசோடு பேசிவிட்டு, "ஐயாவோட குரல் கனமா இருக்குதாமுங்க. இடிச் சத்தத்தோட கலந்து போயிருதாம். பொம்பளைங்க இருந்தாப் பேசச் சொல்றாங்க. கீச்சுக் குரல்தான் இதுல தனியாத் தெரியுமாம். ரெண்டு மூணு வார்த்தையா, ரெண்டு தரஞ் சொல்லோணுமாம்" என்றார்.

மூத்தவர் ரிசீவரை என் கையில் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டார். கூண்டுக்குள் இருந்த பலகையில் வைத்துவிட்டு விலகி நின்றார். நான் போய் எடுத்தேன்.

காதில் வைத்ததும் சட்டியில் கடலை வறுபட்டது. நடுவில் ஒரு வாத்து கத்தியது. யாரோ எங்கேயோ ஒரு திருகைத் திருகினார்கள். வாத்து அவராகிவிட்டது.

"...நீயா புள்ள? ஓவர்."

"நாந்தானுங்க" என்று சொல்லிவிட்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. கிளார்க் கையை ஆட்டி, "ஓவர், ஓவர்" என்றார். "ஓவருங்க" என்றேன்.

"சொல்லு. ஓவர்."

"நாளைக்குப் பொண்ணுக்கு உப்பு மாத்தறாங்க. நாளைக்கு. உப்பு மாத்தறாங்க. ஓவர்."

"யாரு மாப்ள? ஓவர்."

"ரிக்குக்காரரு பையன். வடக்க இருக்கறான். வடக்க. ஓவர்."

ஒரு இடி விழுந்து போனது. "நல்ல எடந்தான? ஓவர்."

அவரும் அதையேதான் கேட்கிறார்.

"எனக்கு இஷ்டமில்லீங்க. இஷ்டமில்ல. ஓவர்."

"ஏன்? ஓவர்."

வாயருகில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். உடனே மெட்ராசில் இருந்து வேறொரு ஆள் குரல் வந்தது. "அம்மா, எடுக்கலை. சத்தமா சொல்லுங்க. நல்லா கத்துங்க, பரவாயில்ல."

அந்த ஒரு சொல்லைத்தான் கத்த வேண்டி வந்தது. இருட்டில் அவர் காதோடு சொல்லியிருக்க வேண்டியது. சொல்லாமலே இருந்தது. பின்னால் மூத்தவர் நிற்கிறார், கிளார்க் இருக்கிறார், நெய் வியாபாரி இருக்கிறார், மெட்ராசில் ஆள் கேட்கிறான், கடலில் எத்தனை கப்பல்காரர்கள் அதே நம்பரில் காது வைத்திருக்கிறார்களோ தெரியாது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் பட்டது அவளுக்கு வேண்டாமுங்க! வருசம் பூராவும் தனியா இருக்கறது அவளுக்கு வேண்டாம்! நான் பட்டது அவளுக்கு வேண்டாம்! ஓவர்!"

காதுக்குள் கடலை மட்டும் வறுபட்டுக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆறும் மூடிவிட்டது என்று நினைத்தேன். நான் சொன்னது பாதி வழியில் கடலில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க? இருக்கறீங்களா? ஓவர்" என்றேன். அதற்கும் ஒன்றுமில்லை. கிளார்க் உதட்டைப் பிதுக்கினார். மூத்தவர் செருப்பைப் போடும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் வந்தது.

"கேட்டுது. வேண்டாம். வேண்டாம்னு அண்ணங்கிட்டச் சொல்லீரு. ஓவர்."

"நீங்களே சொல்லுங்க. ஓவர்" என்று சொல்லிவிட்டு ரிசீவரைப் பலகையில் வைத்து வெளியே வந்தேன்.

மூத்தவர் எடுத்துக் காதில் வைத்தார். "ஒண்ணுங் கேக்கலியே" என்றார். நான் சொன்னால் யார் நம்புவார்கள்? அதற்குள் மெட்ராஸ்காரர் குறுக்கே வந்தார். கப்பலின் குரல் அவருக்கு நேராகக் கேட்குமாம். அவர் ஒவ்வொரு துண்டாகச் சொல்ல, மூத்தவர் அதையே வாய்விட்டுத் திரும்பச் சொன்னார்.

"அண்ணா... ஆமா... பொண்ணுக்கு இப்ப வேண்டாம்... ஆமாங்க... படிக்கட்டும்... நான் வந்து கால்ல உழுந்து கேட்டுக்கறேன்... கோவிச்சுக்காதீங்க."

பதில் என்ன சொல்லட்டும் என்று மெட்ராஸ்காரர் கேட்டிருக்க வேண்டும்.

"கால்ல எல்லாம் உழுக வேண்டாம்னு சொல்லுங்க. இடி மழையா இருக்குதாம், கப்பலைப் பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்றார். தம்பி கப்பலை ஓட்டுகிறவர் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நான் பின்னால் தள்ளி நடந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் மூத்தவர் நின்று, என் பக்கம் திரும்பாமல், ஆனால் என்னிடமே பேசினார்.

"இப்படி ஒரு தொண்டைய வெச்சுக்கிட்டா இத்தனை வருசம் எங்க ஊட்டுல இருந்தே? முந்தாநேத்தே இதைச் சொல்லியிருந்தா நான் சந்தைக்கே போயிருக்க மாட்டனே, அம்மிணி."

"தப்பா நெனைச்சுக்காதீங்க மாமா" என்றேன்.

"நான் என்னத்த நெனைக்கறது? நாளைக்கு அவங்க வண்டி கட்டி வந்து நம்ம வாசல்ல எறங்கித் திரும்பிப் போவக் கூடாது. நானே போயிச் சொல்றதுதான் மரியாதை. நீ ஊட்டுக்குப் போ சாமி."

தம்மம்பட்டி பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அங்கே அவர் என்ன பேச்சுக் கேட்டார் என்று எங்களிடம் சொன்னதே இல்லை. அந்த வீட்டாரோடு அப்புறம் போக்குவரத்து நின்றுபோனது. அக்கா என்னோடு ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் சொந்தக்காரர்கள் மூலம் வந்த இடம் அது.

நான் வீட்டுக்குப் போனபோது மகள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் எதுவும் இல்லை. "நின்னு போச்சு கண்ணு" என்று மட்டும் சொன்னேன். அவள் அழுதாள். அடுத்த வருஷம் சேலத்தில் நர்சிங் சேர்ந்தாள். படித்து முடித்து, சில வருஷம் கழித்து அவளே கடல் தாண்டி வேலைக்குப் போனாள். அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அவர் தை கழிந்து லீவில் வந்தார். அண்ணன் வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு நான் பேசாம இருந்தனே. லைன் போச்சுன்னு நெனைச்சுக்கிட்டயா?"

"ஆமாங்க. ஆறும் மூடிருச்சுன்னு நெனைச்சுட்டேன்."

"மூடல. நீ பேசுனது அத்தனையும் நல்லாத்தான் கேட்டுது" என்றார்.

இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.